தட்டில் இருபத்தொரு பாக்கு

மழை எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். என் மனைவி இன்னும் விடவில்லை. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு தூப் வரும்" என்பாள். தூப் என்றால் வெயில். வரும் என்று சொன்ன நாளில் பாதிக்கு மேல் வராது. அவளும் அலுக்காமல் மறுநாள் சொல்வாள். அந்த அலுக்காத குணத்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியதில் எனக்குத்தான் அலுத்துப்போனது.

அந்தமானில், பெரார்கஞ்சில் எங்களுக்கு இருப்பது பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. சரிவில் பாக்கு மரங்கள், வேலியோரம் கொஞ்சம் தென்னை, நடுவில் தகரக் கூரை போட்ட வீடு, வீட்டுக்கு முன்னால் பாக்குக் காயவைக்கிற சிமெண்டுக் களம். எல்லாம் அவள் வழி வந்தது. கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய காலத்திலிருந்தே அவள் குடும்பம் இங்கே இருக்கிறது. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவன். டவுனில், டெலானிபூரில் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர், குவார்ட்டர்ஸும் அங்கேயே. நானும் மகளும் குவார்ட்டர்ஸில் இருப்போம். பாக்குக் காயும் மாதங்களில் மனைவி தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிடுவாள், நான் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போவேன். தலை நரைத்த பிறகும் அவள் கணக்கில் நான் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவன்தான். கோபம் வந்தால் "மெயின்லேண்ட்காரன் புத்தி" என்பாள். அந்தப் புத்தி எனக்கு உண்டு என்பதை ஒரு தை மாதத்தில் நானே நிரூபித்தேன்.

அவள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் குழந்தை பிறந்தால் களத்தை ஒட்டி அவள் பேரில் ஒரு வரிசை பாக்கு நடுவார்கள். அவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கிற நிச்சயதாம்பூலத் தட்டில் அந்த வரிசைப் பாக்கு இருபத்தொன்று, வெட்டாமல் முழுக்கொட்டையாக இருக்க வேண்டும். என் மனைவியின் கல்யாணத் தட்டில் அவள் வரிசைப் பாக்குத்தான் இருந்தது. அன்றைக்கு அதை நான் கவனித்தேனா என்று கேட்டால், இல்லை. மாப்பிள்ளைக்குக் கவனிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

எங்கள் மகள் பிறந்ததும் பதினொரு கன்று நட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் போன சமயத்தில் காய்க்க ஆரம்பித்தன. அப்போதெல்லாம் இங்கே வருடம் ஓர் ஒழுங்கில் போகும். வைகாசியில் மழை பிடிக்கும், மார்கழியில் விடும். பொங்கல் பானை இறக்கிய கையோடு என் மாமனார் தார்ப்பாயைக் கழுவி, மடித்து, வீட்டுக்குள் பரணில் போட்டுவிடுவார். சித்திரை தாண்டித்தான் அது கீழே இறங்கும். இடையில் ஒரு துளி விழாது. பாக்கு நாற்பது நாற்பத்தைந்து நாள் களத்தில் கிடந்து, காதருகே வைத்துக் குலுக்கினால் மட்டைக்குள் கொட்டை கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது, உரிக்கலாம். வேறு சோதனை கிடையாது.

அந்த ஒழுங்கு எந்த வருடத்தில் கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு வருடம் பங்குனி வெயிலில் கிணறு வற்றி, பூம்பாளையிலேயே பிஞ்சு கொட்டியது. "இந்தத் தடவை அப்படி" என்றோம். அடுத்த வருடம் மழை ஒரு மாதம் தள்ளிவந்து, வந்தபின் விடாமல் பெய்து, பச்சைக்காய்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துக் குலைகுலையாக விழுந்தது. "இந்தத் தடவை அப்படி" என்றோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இரண்டு தடவை அடித்த மருந்தை நான்கு தடவை அடித்தோம். அடித்த அன்று மாலையே மழை பெய்து கழுவிக்கொண்டு போகும். குலைக்குக் குலை பிளாஸ்டிக் பை கட்டினோம். மரம் ஏறுகிறவர் என்னைப் பார்த்து, "பாபு, ஆஸ்பத்திரியில ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கு உங்க தோட்டம்" என்று சிரித்தார். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் சரிவில் ஒரு மா இருந்தது. அது ஐப்பசியில் பூத்தது. யாரைக் கேட்டுப் பூத்ததோ. அடுத்த வாரமே அடித்த மழையில் அத்தனை பூவும் சாக்கடையில் ஓடியது.

மகளின் வரிசையில் இரண்டு மரங்கள் காற்றில் சாய்ந்தன. ஒன்றின் தலை முறிந்து வெறும் கம்பமாக நின்றது. மீதி எட்டு.

எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு டவுனில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு, மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் என் ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி வேறு. களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுவதற்கு என் கை வேண்டும். சொல்லிப் பார்த்தேன். "கல்யாணம் முடியட்டும்" என்றாள். மகளுக்கு என் ஊர்ப்பக்கத்திலேயே மாப்பிள்ளை அமைந்திருந்தது. மாசிக் கடைசியில் கல்யாணம். மார்கழியில் எட்டு மரத்துப் பழப்பாக்கையும் இறக்கி, களத்தின் கிழக்கு மூலையில் மற்றதோடு கலக்காமல் தனியாகப் பரப்பி வைத்தாள்.

பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு ஜங்லிகாட் டெய்லரிடம் போக வேண்டியிருந்தது. அதற்காக மனைவி டவுனுக்கு வந்தாள். நான் லீவு போட்டுவிட்டுக் களத்துக்குக் காவல் போனேன். போகும்போதே எச்சரித்தாள். "தார்ப்பாயைப் பாக்குமேல இருந்து எடுக்காதீங்க. கடல்ல ஏதோ நிக்குது. நான் வந்து பாத்துக்கறேன்."

உண்மையில் கடலில் ஏதோ நின்றது. இரண்டு நாளாக மேகமூட்டம். தார்ப்பாய்க்குக் கீழே பாக்கு புழுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, வழக்கம்போலச் சென்னைச் செய்தி போட்டேன். முப்பது வருடமாக எனக்கு வானிலை என்றால் அதுதான். கோட்டு போட்ட தம்பி படத்தில் கையை வைத்துச் சொன்னான்: அந்தமான் அருகே நிலைகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி அந்தமானை விட்டு விலகித் தமிழகக் கரையை நோக்கி நகர்கிறது. விலகி என்றானா? விலகி என்றான். வாசலுக்கு வந்து பார்த்தால், நம்புவீர்களோ இல்லையோ, வெயில் பளிச்சென்று அடித்தது.

தார்ப்பாயை உருவினேன். பாக்கைக் கிளறிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொங்கல்தான் போய்விட்டதே, மாமனார் காலத்து மாதிரி செய்வோம் என்று ஓர் உற்சாகம் வந்துவிட்டது. தார்ப்பாயைக் கழுவி, காயவைத்து, மடித்து, ஏணி போட்டுப் பரணில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றபோது போன் வந்தது, அலுவலகத்திலிருந்து. மேலதிகாரி திடீரென்று ஸ்டோரைப் பார்க்க வருகிறாராம். ஸ்டோர் சாவி என் பையில். வீட்டைப் பூட்டினேன். வீட்டுச் சாவியையும் அதே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

டெலானிபூரில் ஸ்டோரைத் திறந்து, பீரோக்களை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் முதல் சத்தம் கேட்டது. ஒரு கல் விழுந்த மாதிரி. அப்புறம் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "இந்த மாசத்துல மழையா?" என்றார். நான் வெளியே ஓடிப் பக்கத்துத் தோட்டத்து வங்காளிக்குப் போன் போட்டேன். அவர்கள் பாஷையில் அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்றுதான் கூப்பிடுவோம். "தாதா, களத்துல சுப்பாரி திறந்து கிடக்கு, தார்ப்பாய் போடுங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். அவர் நல்ல மனுஷன், அந்த மழையிலேயே ஓடியிருக்கிறார். போய் நின்றுகொண்டு திரும்பப் போன் செய்தார். "தாலா பந்த் ஹை, பாயி! சாபி கிதர் ஹை?" வீடு பூட்டியிருக்கிறது, சாவி எங்கே என்கிறார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சாவியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். தாதா இரண்டு வாழையிலைக் குவியலும் ஒரு பழைய சாக்கும் போட்டு மூட முயன்றிருந்தார். கிழக்கு மூலைதான் களத்தின் தாழ்வான பக்கம். மகளின் வரிசைப் பாக்கு கணுக்கால் தண்ணீரில் மிதந்தது. டவுனில் மழையைப் பார்த்ததும் பஸ் ஏறி, எனக்கு முன்னாலேயே மனைவி வந்துவிட்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து, கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"டிவியில விலகிடுச்சுன்னு சொன்னான்" என்றேன்.

"எந்த டிவியில?"

"சென்னையில."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சென்னைக்காரன் சென்னையில எப்ப மழைன்னு சொல்வான். விலகிப் போறதோட வால் யார் தலையில அடிக்கும்னு அவனுக்கு என்ன? அவனுக்கு நம்ம களம் தெரியுமா?"

கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவருமாகத் தூக்கினோம்.

மழை மூன்று நாள் விடவில்லை. பாக்கை வீட்டுக்குள் பரப்பி மின்விசிறி போட்டாள். அடுப்புக்கு மேலே தட்டி கட்டிப் போட்டாள். சமையலறை முழுக்கப் புளித்த வாடை. கையில் எடுத்தால் சிலது வழவழத்தது. நான்காம் நாள் வெயில் வந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. மறுபடி களத்தில் போட்டாள். அப்போது அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

"இந்த வரிசைப் பாக்கு தட்டுல வைக்க லாயக்கில்லன்னா, போதும், தோட்டத்தை விட்டுடறேன். நீங்க சொல்ற மாதிரி டவுனுக்கு வந்துடறேன்."

சொல்லிவிட்டு ஒரு பாக்கை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினாள். சத்தமில்லை.

மாசி பிறந்ததும் உரித்தாள். மேலே பார்த்தால் எல்லாக் கொட்டையும் ஒன்று மாதிரிதான் இருந்தது. கெட்டதா நல்லதா என்று வெட்டினால்தான் தெரியும். வெட்டினால் தட்டில் வைக்க முடியாது. ஐந்தை வெட்டிப் பார்த்தாள். மூன்றில் நடுவே மசி ஊற்றிய மாதிரி கறுப்பு. இரண்டு வெள்ளை. அதற்குமேல் வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. கனமாக இருந்ததில் இருபத்தொன்றைப் பொறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தாள். வைத்தபிறகும் தினமும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சும்மா இருந்திருந்தால் தோட்டம் போயிருக்கும், எனக்கு ஓய்வு கிடைத்திருக்கும். ஆனால் சம்பந்தி பெரிய வெற்றிலைப் பிரியர், இடுப்பில் பாக்குவெட்டி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. தட்டு மாற்றிய கையோடு ஒன்றை வெட்டுவார், அது கறுப்பாக இருக்கும், சபை பார்க்கும். என் மனைவியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அவள் மழையில் உட்கார்ந்து அள்ளியதெல்லாம் என் புத்தியால் வந்தது.

ஜங்லிகாட்டில் ஒரு கடையில் கொட்டைப் பாக்கு வாங்கினேன். கடைக்காரர் கையோடு ஒன்றை வெட்டிக் காட்டினார், உள்ளே வெண்மையும் பழுப்புமாக நல்ல கோலம். எந்த ஊர்ப் பாக்கு என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்காக என் ஊருக்குப் போகிற கப்பலில், மனைவி குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். ஏழு கொட்டையை எடுத்துவிட்டு, அதே அளவில் கடைப்பாக்கு ஏழு வைத்தேன். எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை. எடுத்த ஏழு கொட்டையையும் டெக்கிலிருந்து கடலில் போட்டேன். அதில் எத்தனை நல்லதோ.

நிச்சயதாம்பூலம் தென்காசியில், ஒரு கல்யாண மண்டபத்தில். தட்டு மாறியது. நான் நினைத்தபடியே சம்பந்தி உட்கார்ந்த இடத்திலேயே பாக்குவெட்டியை எடுத்தார். மனைவி சட்டென்று கையை நீட்டினாள்.

"வெட்டாதீங்கண்ணா. தட்டுல அப்படியே இருக்கட்டும்."

"என்ன மதினி, கப்பல் ஏறி வந்த பாக்கை வாயில போடாம பூசை பண்ணவா?" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன், மனைவியைப் பார்க்கவில்லை. நறுக்கென்று சத்தம். அவர் இரு பாதியையும் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"அடேயப்பா, நல்லா காஞ்ச பாக்குல்லா. இது உங்க தோட்டத்துதா மதினி?"

"எங்க தோட்டத்துதான்" என்றாள் மனைவி. "இவ பேருல வச்ச மரம். மழையில நனைஞ்சிடுச்சுண்ணா. அப்பவும் பாருங்க." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பாக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, அந்தமானில் இதெல்லாம் விளையுமா என்று கேட்டார்கள். நல்லவேளை, வேறு யாரிடமும் பாக்குவெட்டி இல்லை.

வெட்டியது அவளுடைய பதினான்கில் ஒன்றா, என் ஏழில் ஒன்றா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் அதை மென்றுவிட்டார்.

ஊர் திரும்பும்போது கப்பலில் மனைவி மாத்திரையும் போடவில்லை, படுக்கவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டே வந்தாள். அத்தனை நனைஞ்சும் உள்ள வெள்ளையா இருந்ததே, மரத்துல சத்து இருக்கு. களத்தோட கிழக்கு மூலையை உயர்த்திக் கட்டணும். தார்ப்பாய் இனிமே பரணுக்குப் போகக் கூடாது, களத்துலயே கம்பு நட்டு நிரந்தரமா. "டவுன்ல வீடு பாக்கறேன்னு யார்கிட்டயும் சொல்லி வைக்கலையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் அந்த மண்டபத்து வெளிச்சம் இருக்கும். விட்டுவிடுவேன். அதை அணைக்க எனக்குத் தைரியம் கிடையாது. முதல் மாதம் சொல்லாததை மூன்றாம் மாதம் எப்படிச் சொல்வது? ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான்கள் டவுன் வீட்டுக்குப் போகவில்லை, பெரார்கஞ்சுக்கு வந்தன. நானும் வந்தேன். மகள் வரிசையில் சாய்ந்த, முறிந்த மரங்களின் இடத்தில் மூன்று கன்று வைத்தாள், குழி பறித்தது நான். யாருக்கு என்று கேட்டேன். "பேத்திக்கு" என்றாள். மகளிடமிருந்து அப்படியொரு செய்தி இன்னும் வரவில்லை. அந்தச் சித்திரை வெயிலில் மூன்றில் ஒன்று கருகியது. வேறு வைத்தாள். அதற்கும் குழி பறித்தேன்.

இப்போது மறுபடி தை. பொங்கல் முடிந்து நேற்றோடு பன்னிரண்டு நாள். நான்கு நாளாகச் சூரியனைக் காணோம். பகலில் மூன்று தடவை தார்ப்பாயை இழுத்து மூடி, இரண்டு தடவை திறந்தோம். என் தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. சென்னைச் செய்தி நான் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவளிடம் சொல்வதில்லை. தாதா இந்த வருடம் பாக்கை மரத்திலேயே விட்டுவிட்டார்; ஏற ஆள் இல்லை, காயவைக்க வெயில் இல்லை, எதுக்கு பாயி என்கிறார். அவரைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இன்று மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். குனிந்து ஒரு பாக்கை எடுத்தாள், தன் காதில் வைத்துக் குலுக்கினாள், நெற்றியைச் சுருக்கினாள். அவளுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என்னிடம் வந்து, என் காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

"கேக்குதா பாருங்க."

ஈரப்பாக்கு. உள்ளே கொட்டை மட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குது" என்றேன்.